கும்பகோணம் பக்கம் அறுபது பேர் உட்காரும் கச்சேரி அறை: தொடங்கி நடத்த ஒரு முழு வழிகாட்டி

டெல்டாவில் பாட்டுக்கு என்ன பஞ்சம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கோயில் திருவிழா, கல்யாண மண்டபம், சபாவின் ஆண்டு விழா, தை பிறந்தால் திருவையாறு என்று வருஷம் முழுக்க எங்காவது ஒரு ஸ்பீக்கர் கட்டியிருக்கும். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து, கையில் ஒரு காபியோ சோடாவோ வைத்துக்கொண்டு, பாடுகிறவருக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போக ஓர் இடம் சொல்லுங்கள் என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் அந்த வேலையைச் சின்ன பார்களும் கஃபேக்களும் செய்கின்றன. அதை நம் ஊரில், தஞ்சாவூரோ கும்பகோணமோ மன்னார்குடியோ மாயவரமோ, எப்படிச் செய்வது என்பதுதான் இங்கே. உதாரணத்துக்குக் கும்பகோணத்தை வைத்துக்கொள்கிறேன்.

அறுபது இருக்கை. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். அறுபது பேர் இருக்கும் அறையில் நல்ல குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும், மிருதங்கக்காரரின் விரல் தெரியும், நாற்பது பேர் வந்தால்கூட நிறைந்த மாதிரி இருக்கும். இருநூறு பேர் மண்டபத்தில் அதே நாற்பது பேர் உட்கார்ந்தால் துக்க வீடு போல இருக்கும். கீழே சொல்லப்போகும் கணக்கு எல்லாமே இந்த எண்ணை வைத்துத்தான்.

1. பார் வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இதைத் தள்ளிப்போட்டால் இடம் பார்ப்பதிலிருந்து எல்லாம் தப்பாகப் போகும். தமிழ்நாட்டில் 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். அதற்கு வெளியே தனியார் மது பரிமாறும் வழிகள் முக்கியமாக இரண்டு: உறுப்பினர் கிளப்புகளுக்கான எஃப்.எல்.2 உரிமம், தங்கும் அறைகள் உள்ள ஓட்டல்களுக்கான எஃப்.எல்.3 உரிமம். கடைத்தெருவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, மேடை போட்டு, பக்கத்தில் பார் வைப்பது என்ற திட்டத்துக்கு இங்கே உரிமமே கிடையாது. 'நாங்கள் விற்கவில்லை, அவர்களே வாங்கி வந்து குடிக்கிறார்கள்' என்பதும் செல்லாது. உரிமம் இல்லாத இடத்தில் உட்கார்ந்து குடிக்க விடுவதே மதுவிலக்குச் சட்டத்தில் குற்றம்.

மது இருந்தே ஆக வேண்டும் என்றால் ஒரே நேர்வழி, எஃப்.எல்.3 வைத்திருக்கும் ஓட்டலோடு பேசி, அவர்களுடைய பாரிலோ பக்கத்து ஹாலிலோ வாரம் ஒரு நாள் நிகழ்ச்சியை மட்டும் நீங்கள் எடுத்து நடத்துவது. உரிமம், சர்வீஸ், கலாட்டா எல்லாம் அவர்கள் பொறுப்பு. பாட்டும் டிக்கெட்டும் உங்கள் பொறுப்பு. இதற்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இருபத்தொரு வயதுக்குக் கீழே யாருக்கும் பரிமாற முடியாது, ஆக கல்லூரிக் கூட்டத்தில் பாதியை இழப்பீர்கள். அப்புறம் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி, திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜயந்தி, மிலாடி நபி ஆகிய நாட்களில் மதுக்கடைகளை மூடச் சொல்லி ஆட்சியர் உத்தரவு வரும். ஓட்டல் பார்களுக்கும் சேர்த்தே வரும். விடுமுறை நாளாயிற்றே என்று அன்றைக்கு நிகழ்ச்சி வைத்துவிடாதீர்கள்.

என் கட்சி என்னவென்றால், மது இல்லாமலே தொடங்குங்கள். ஒழுக்கப் பேச்சு எல்லாம் இல்லை. மது இருந்தால் பெண்களும் குடும்பங்களும் பெரியவர்களும் நம் ஊரில் வர மாட்டார்கள், அவர்கள் வராவிட்டால் அறுபது சீட்டு நிரம்பாது. 'பார்' என்பதில் நமக்கு வேண்டியது அந்த கவுண்டரும் அதைச் சுற்றி நின்று பேசுகிற பழக்கமும்தான், அதைக் காபி வைத்தே செய்யலாம். மேலே படிக்கிறவர்கள் இந்த வழியில் வருகிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

2. இடம் பார்ப்பது

பழைய தெருக்களில் முன்னால் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு என்று நீளமாக ஓடும் வீடுகள் இன்னும் வாடகைக்குக் கிடைக்கின்றன. பார்த்தவுடன் மனசு அதில்தான் போகும். போகட்டும், ஆனால் மூன்று விஷயம் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

பக்கத்து வீட்டோடு பொதுச் சுவரா என்பது முதல் விஷயம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பொதுச் சுவரில் உத்தரம் பாய்ந்திருந்தால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து (கனத்த நாதம் வரும் இடது பக்கம்) அடி நேராகப் பக்கத்து வீட்டுக் கட்டிலுக்குப் போகும். ஒரு பக்கமாவது சந்து உள்ள மூலை வீடு உத்தமம். இரண்டாவது கூரை. ஓட்டுக் கூரையும் தகர ஷீட்டும் ஐப்பசி மழையில் கச்சேரியையே முழுங்கிவிடும். மெட்ராஸ் டெரஸ் தளமோ (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டது) கான்கிரீட்டோ உள்ள கூடம் வேண்டும். மூன்றாவது, மழை நாளில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்; வாய்க்காலை ஒட்டிய தாழ்ந்த தெருவில் தண்ணீர் எதுவரை ஏறும் என்பதைத் தரகர் சொல்ல மாட்டார், எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் சொல்வார்.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டுக்கு நூறு மீட்டருக்குள் இருந்தால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள், அது ஒலி விதிகளின்படி அமைதி மண்டலம். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும் தூரம் நல்லது. சுவாமிமலை, நாச்சியார்கோவில், திருபுவனம் பக்கமிருந்து வருகிறவர்கள் கடைசி டவுன் பஸ்ஸைப் பார்த்துத்தான் வருவார்கள், அதனால் நிகழ்ச்சி எப்போது முடிய வேண்டும் என்பதை அந்த பஸ்தான் தீர்மானிக்கிறது.

வாடகை ஒப்பந்தத்தில் ஒரு கும்பகோணத்து விசேஷம் உண்டு. கடந்த மகாமகம் 2016இல், அடுத்தது 2028இல். அந்த மாசி மாதத்தில் ஊரில் ஒரு திண்ணைகூட சும்மா கிடைக்காது. ஒப்பந்தம் அதற்கு முன்னால் முடிகிற மாதிரி போட்டுக்கொண்டால் வீட்டுக்காரர் உங்களை அனுப்பிவிட்டு யாத்ரீகர்களுக்கு விடத்தான் பார்ப்பார். 2028ஐத் தாண்டிப் போகிற மாதிரி எழுதிக்கொள்ளுங்கள்.

3. அனுமதிகளும் அக்கம்பக்கமும்

பொதுமக்கள் கூடும் கட்டடம் என்பதால் 1965ஆம் ஆண்டுப் பொதுக் கட்டட உரிமச் சட்டத்தின்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் உரிமம் வாங்க வேண்டும். அதற்குக் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று கேட்பார்கள். மாநகராட்சியில் தொழில் உரிமம், காபி விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, மின் இணைப்பை வீட்டுக் கட்டணத்திலிருந்து வணிகக் கட்டணத்துக்கு மாற்றுவது ஆகியவை தனித்தனி. இதையெல்லாம் ஓர் ஆளை வைத்து ஓடச் சொல்லலாம், ஆனால் தீயணைப்பு விஷயத்தை மட்டும் நீங்களே நின்று பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர் இது. கிராமிய அழகுக்கு என்று கீற்றுப் பந்தல், வைக்கோல், மூங்கில் தட்டி எதையும் உள்ளே கொண்டுவராதீர்கள். வெளியேற இரண்டு வழி, இரண்டு கதவும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், நிகழ்ச்சி நடக்கும்போது இரண்டிலும் பூட்டு இருக்கக் கூடாது. பழைய வீடுகளில் கொல்லைப்புறக் கதவு தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். அதை முதல் வாரமே மாற்றுங்கள்.

ஒலிக்கு 2000ஆம் ஆண்டு விதிகள்தான் கணக்கு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. இரவு என்றால் பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். நாம் எட்டே முக்காலுக்கு முடிக்கப்போகிறோம், இருந்தாலும் காவல் நிலையத்தில் மனு கொடுத்து அந்த அனுமதியை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தைவிட முக்கியம் தெரு. இரண்டு பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் நேரில் போங்கள். "மாமி, வெள்ளி சனி ரெண்டு நாள் மட்டும்தான், ஒன்பது மணிக்கு மேல ஒரு சத்தமும் வராது, வந்தா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க, நானே எடுப்பேன்" என்று சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர்களிடம் எப்போதும் டிக்கெட் காசு வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டால், புகார் சொல்ல வேண்டியவரே ரெண்டாவது வரிசையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மார்ச்சில் பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பரீட்சை. தெருவில் பரீட்சை எழுதும் பிள்ளை இருந்தால் அந்த மாதம் மைக் இல்லாத கச்சேரி மட்டும் வையுங்கள்.

4. அறையின் எதிரொலியை அடக்குவது

பெரும்பாலானவர்கள் ஸ்பீக்கரில் காசைக் கொட்டுகிறார்கள், சுவரை விட்டுவிடுகிறார்கள். நல்ல ஸ்பீக்கரையும் மோசமான அறை கெடுத்துவிடும், நல்ல அறையில் சுமாரான ஸ்பீக்கரே போதும்.

ஒரு கூடம் முப்பதடி நீளம், இருபதடி அகலம், பதினோரடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 187 கன மீட்டர். எதிரொலி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது: கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையில் சத்தத்தை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவர், சிவப்பு சிமெண்டுத் தரை, காரைத் தளம் எதுவும் சத்தத்தை உறிஞ்சாது; மொத்த அறைக்கும் சேர்த்து ஐந்து சதுர மீட்டர் தேறினால் பெரிது. வகுத்துப் பார்த்தால் ஆறு விநாடி வருகிறது. கதவு ஜன்னல் இருப்பதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும், இருந்தாலும் ஒரு ஸ்வரம் அடங்குவதற்குள் நாலு ஸ்வரம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். கோயில் பிராகாரத்தில் அது அழகு, கூடத்தில் பாடும் வார்த்தை ஒன்றும் புரியாது.

ஒரு மனிதர் உத்தேசமாக அரை சதுர மீட்டர் அளவுக்குச் சத்தத்தை உறிஞ்சுவார். அறுபது பேர் வந்தால் எதிரொலி ஒரு விநாடிக்கு இறங்கிவிடும், அது அருமையான அளவு. இருபது பேர் வந்தால் ரெண்டு விநாடிக்கு மேல் நிற்கும், அது கஷ்டம். கூட்டம் இல்லாத நாளில் பாட்டும் மோசமாகக் கேட்டால் அடுத்த வாரம் அந்த இருபது பேரும் வர மாட்டார்கள். ஆகவே அறையைக் குறைந்த கூட்டத்துக்குத் தயார் செய்யுங்கள். இரண்டு அங்குல ராக்வூலை (கல்லிலிருந்து செய்த பஞ்சு) மரச்சட்டத்தில் வைத்து, மேலே கைத்தறித் துணி இழுத்துக் கட்டி, பதினைந்து சதுர மீட்டர் அளவுக்குப் பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் காது உயரத்தில் மாட்டினால் இருபது பேருக்கே ஒரு விநாடிச் சொச்சத்துக்கு வந்துவிடும். ஆனால் அறுபது பேர் வரும் நாளில் அதே அறை முக்கால் விநாடிக்கும் கீழே போய் வறண்டு கேட்கும். அதற்காகப் பலகைகளில் பாதியைக் கழற்றி மாட்டும் கொக்கியில் வையுங்கள், அல்லது பலகைக்குப் பதிலாக மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை போடுங்கள். கூட்டம் குறைவா, இழுத்து மூடு. நிறைந்துவிட்டதா, திற. சங்கீதக்காரர்கள் இந்த வித்தியாசத்தை முதல் வர்ணத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முட்டை அட்டையும் தெர்மகோலும் ஒட்டினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். இரண்டும் சத்தத்துக்கு ஒன்றும் செய்யாது, நெருப்புக்கு நன்றாக உதவும்.

சத்தம் வெளியே போகாமல் இருப்பது வேறு சங்கதி. அதற்குத் துணி உதவாது, கனம்தான் உதவும். கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் சுவர் எவ்வளவு தடியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. ரப்பர் பட்டி ஒட்டி, ஜன்னலுக்கு உள்பக்கம் இன்னொரு கண்ணாடிக் கதவு போடுங்கள். முற்றம் திறந்த வீடாக இருந்தால் மைக் கச்சேரியை முற்றத்தை ஒட்டி வைக்காதீர்கள்.

5. கருவிகள், மின்சாரம், காற்று

பத்து அல்லது பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு, எட்டு சேனல் மிக்சர் ஒன்று, எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் நான்கு, வீணையையும் கீபோர்டையும் மிக்சரோடு இணைக்கும் சின்னப் பெட்டியான டிஐ பாக்ஸ் இரண்டு, மேடையில் இருப்பவர்கள் தங்கள் சத்தத்தைக் கேட்க அவர்களைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டர் ஒன்று. இவ்வளவுதான். கல்யாணத்துக்குப் போடும் பெட்டி பெட்டியான பேஸ் ஸ்பீக்கர் இந்த அறைக்கு வேண்டாம். ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் போனால் ஊளையிடும். பாடுகிறவர், வயலின்காரர், மிருதங்கக்காரர் மூன்று பேரும் ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும் "மானிட்டர்ல கொஞ்சம் ஏத்துங்க" என்று கை காட்டுவார்கள். ஒருவருக்கு ஏற்றினால் மற்றவருக்கும் ஏற்ற வேண்டும், கடைசியில் சபைக்குப் போவதைவிட மேடையில் சத்தம் அதிகமாகிவிடும். ஒருவர் கேட்டால் அடுத்தவருடையதைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்துகொண்டே இருந்தால் அது எர்த் கோளாறு. மிக்சர், ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாவற்றையும் ஒரே போர்டிலிருந்து எடுங்கள். ஃபிரிட்ஜும் ஏசியும் வேறு லைனில் இருக்கட்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் சத்தம் கச்சேரியைக் கெடுக்கும், சைன் வேவ் இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் மிக்சர், விளக்கு, மின்விசிறி மூன்றையும் இரண்டு மணி நேரம் தாங்குகிற அளவுக்குப் போடுங்கள். ஏசியை அதில் கொடுக்காதீர்கள்.

மேடைக்கு நேர் மேலே மின்விசிறி கூடாது. மைக்கில் காற்று வெட்டி வெட்டிக் குரல் நடுங்கும். ஏசி காற்று மிருதங்கத்தின் மேல் நேராக அடித்தால் தோல் இறுகிச் சுருதி ஏறும், வித்வான் கல்லை எடுத்துத் தட்டிக்கொண்டே இருப்பார். கூட்டம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏசியைப் போட்டு, கச்சேரி தொடங்கும்போது விசிறி வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மேடை ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ரவை, ஒரு சொம்புத் தண்ணீர், கை துடைக்கத் துணி, கீழே விரிக்கப் பழைய செய்தித்தாள் வைத்துவிடுங்கள். தொப்பியில் ரவை பூசிவிட்டுக் கையை எதில் துடைப்பது என்று மிருதங்கக்காரர் சுற்றுமுற்றும் பார்க்கிற இடத்தில் மரியாதை இல்லை என்று அர்த்தம்.

6. மேடையும் இருக்கையும்

மேடை பன்னிரண்டுக்கு எட்டடி, ஓரடி உயரம். பிளைவுட்டை வெறும் சட்டத்தில் அடித்தால் அதுவே ஒரு மத்தளமாக அதிரும், உள்ளே மணலோ ராக்வூலோ நிரப்புங்கள். முன் இரண்டு வரிசை கோரைப்பாய், அதன் பின் தாழ்ந்த பெஞ்சு, கடைசியில் நாற்காலி. முழங்கால் வலிக்காரர்கள் பின்னால் போய்விடுவார்கள், மறைப்பதும் இருக்காது. பிளாஸ்டிக் நாற்காலி நகர்த்தினால் கிறீச்சிடும், காலில் ரப்பர் போடுங்கள்.

7. கவுண்டர்

டிகிரி காபி, சுக்கு மல்லி, பானகம், நீர்மோர், பன்னீர் சோடா, கோலி சோடா. சாப்பிட ரெண்டே அயிட்டம்: ஒரு காரம், திருவையாறு அசோகா. சனிக்கிழமை மட்டும் இட்லி கடப்பா போடலாம், கும்பகோணத்தில் அதற்காகவே வருகிறவர்கள் இருப்பார்கள். மெனுவை நீட்டாதீர்கள். சமையல் தொடங்கினால் எண்ணெய்ப் புகை, பாத்திரச் சத்தம், ரெண்டு ஆள் சம்பளம் எல்லாம் சேர்ந்து வரும், பாட்டு பின்னால் போய்விடும்.

டபரா டம்ளர் அழகுதான். ஆனால் ஆலாபனையில் ஒருவர் தார ஸ்தாயி ஷட்ஜத்தில் போய் நிற்கும்போது பின்வரிசையில் ஒரு பித்தளை டபரா தரையில் விழுந்து அது சுழன்று அடங்கும்வரை அறையே காத்திருக்க வேண்டும். கச்சேரிக்கு முன்னாலும் இடைவேளையிலும் டபராவில் கொடுங்கள், கவுண்டரிலேயே நின்று குடிக்கட்டும். உள்ளே எடுத்துப்போவதற்குக் கண்ணாடி டம்ளர் அல்லது மண் குவளை. பாட்டு நடக்கும்போது கவுண்டர் மூடியிருக்கும் என்பதை முதல் நாளிலிருந்தே பழக்கிவிடுங்கள். மிக்ஸியும் பால் பொங்க வைக்கிற அடுப்பும் பின்கட்டில். கோலி சோடாவை உடைக்கும் சத்தம் இருக்கிறதே, தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் சரியாக எடுப்பில் (பாட்டு திரும்பத் தொடங்கும் தாள இடம்) விழுந்தால் கைதட்டல் கிடைக்கும், மற்ற நேரத்தில் முறைப்புதான்.

8. யாரை, எப்போது கூப்பிடுவது

டெல்டாவில் இருப்பதன் லாபம் இதில்தான் இருக்கிறது. திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி, தஞ்சையில் தென்னகப் பண்பாட்டு மையம், தெருவுக்கு ஒரு நாதஸ்வரக் குடும்பம், நாகூர் பக்கம் தர்கா பாடகர்கள், தப்பாட்டக் குழுக்கள், மெல்லிசைக் குழுக்கள், வல்லத்திலும் திருச்சியிலும் கல்லூரி மாணவர்களின் கிதார் டிரம்ஸ் கோஷ்டிகள். எல்லாம் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துசேரும் தூரம். இத்தனையையும் ஒரே அறையில் வைத்தால் கலந்து கட்டிய மாதிரி ஆகாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் தஞ்சை அரண்மனையில் வீணைக்காரர்களும் இருந்தார்கள், மேற்கத்திய பாண்டு வாத்தியக்காரர்களும் இருந்தார்கள்.

நாட்காட்டியைப் பாருங்கள். தை, வைகாசி, ஆவணியில் முகூர்த்தம் முகூர்த்தமாக வரும், நாதஸ்வரம் தவில்காரர்கள் கிடைக்க மாட்டார்கள். ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் இல்லை. அவர்களுக்கு வருமானம் குறைகிற மாதங்கள், நமக்கு அருமையான மாதங்கள். ஆடியில் அம்மன் கோயில் வேலை இருக்கும், நாளை மட்டும் கேட்டுக்கொண்டு போட வேண்டும். மார்கழியில் பேர் போன பாட்டுக்காரர்கள் எல்லோரும் சென்னையில் இருப்பார்கள், அந்த மாதத்தை உள்ளூர் இளைஞர்களுக்கு விடுங்கள். தையில் புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது தியாகராஜர் மறைந்த திதியை ஒட்டித் திருவையாற்றில் அவருக்கு ஆராதனை. நாடு முழுக்க இருந்து வித்வான்கள் சொந்தச் செலவில் வந்து இறங்குவார்கள். நாலு மாதம் முன்பே பேசி, வந்த கையோடு மறுநாள் நம் அறையில் ஒரு மணி நேரம் என்று கேட்டால், போக்குவரத்துச் செலவு இல்லாமல் அமையும். அதே தை மாசியில் சம்பா அறுவடைப் பணம் கையில் இருக்கும், கிராமத்திலிருந்து வருகிறவர்கள் கூடுவார்கள். மாசி மகத்தன்று கும்பகோணத்தில் எதையும் வைக்காதீர்கள், தெருவில் நடக்கவே இடம் இருக்காது.

நாதஸ்வரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிற அந்த வாத்தியம் நாலு வீதிக்கும் கேட்பதற்காகப் பிறந்தது, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. அதையும் தவிலையும் முப்பதடிக் கூடத்தில் வைத்தால் முன்வரிசைக்காரர் காதைப் பொத்திக்கொள்வார். மைக் வேண்டவே வேண்டாம். முற்றத்திலோ திண்ணையிலோ கலைஞர்களை உட்கார வைத்து, கேட்பவர்கள் கூடத்தின் உள்ளே இருக்கட்டும். நேரத்தை ஆறு மணிக்கு முன்னால் கொண்டுவாருங்கள். குட்டையான திமிரியைவிட நீளமான பாரி நாயனம் சுருதி குறைவு, காதுக்கு இதம். எது கொண்டுவருவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய வித்வானிடம் பேசும்போது "அண்ணே, எங்க இடம் சின்னது, அடக்கி வாசிக்கணும்" என்று சொல்லிவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார், நியாயம்தான். "முற்றத்துல உட்கார்ந்து விஸ்தாரமா ஒரு தோடி வேணும்ணே, தவில் ஒண்ணு போதும்" என்று சொல்லுங்கள். மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

9. பாட்டுக்கு உரிமை

டிக்கெட் போட்டுச் சினிமாப் பாட்டு பாடினால் பாட்டு எழுதியவர்கள், இசையமைத்தவர்கள் சார்பில் உரிமைத் தொகை வாங்கும் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸிடம் உரிமம் எடுக்க வேண்டும். "கல்யாணத்தில் பாடினால் யாரும் கேட்பதில்லையே" என்பீர்கள். கல்யாணச் சடங்குக்கும் அதன் ஊர்வலத்துக்கும் பதிப்புரிமைச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது, டிக்கெட் கச்சேரிக்கு இல்லை. இடைவேளையில் ரெக்கார்டு போட்டால் அதற்கு இன்னோர் உரிமம். ரெக்கார்டே போடாதீர்கள், ஜனங்கள் பேசிக்கொள்ளட்டும்.

பாடலாசிரியர் இறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து அறுபது ஆண்டுவரை உரிமை உண்டு. தியாகராஜர், தீட்சிதர், சாமா சாஸ்திரிகள், சீர்காழி முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி, மாயூரம் வேதநாயகம் பிள்ளை எல்லோரும் தாராளமாகத் திறந்த வெளி, எல்லாம் நம் மண்ணுப் பாட்டு. பாபநாசம் சிவன் காலமானது 1973, ஆக அவர் பாடல்களுக்கு 2033 கடைசிவரை உரிமை நிற்கிறது. பழையது போலத் தெரிவதால் பலரும் இதைக் கவனிப்பதில்லை.

10. பணம்

உத்தேசக் கணக்கு ஒன்று போடுகிறேன், உங்கள் ஊர் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் 250 ரூபாய், சராசரி 45 பேர், மாதம் எட்டு நிகழ்ச்சி. டிக்கெட்டில் 90,000. அதில் 65 சதவீதம் கலைஞர்களுக்கு, 58,500. மீதி 31,500. கவுண்டரில் ஆளுக்கு 60 ரூபாய் வியாபாரம் என்றால் 21,600, அதில் பாதி லாபம், 10,800. ஆக மொத்தம் 42,300. இதில்தான் வாடகை, கரண்ட், ஒலி பார்க்கிறவர், கவுண்டர் ஆள், விளம்பரம், தேய்மானம் எல்லாம். வாடகை 15,000ஐத் தாண்டினால் கையைக் கடிக்கும். பகலில் அதே அறையை வீணை வகுப்புக்கும் ஒத்திகைக்கும் விட்டால் வாடகையில் பாதி வரும், அதை முதல் நாளே திட்டத்தில் சேருங்கள்.

500 ரூபாய்வரை உள்ள கச்சேரி நுழைவுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருந்துவருகிறது, தொடங்கும்போது ஆடிட்டரிடம் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் 500ஐத் தாண்ட இந்த ஊரில் காரணமும் இல்லை. இலவசமாக மட்டும் வைக்காதீர்கள். இலவசம் என்றால் வருகிறேன் என்றவர்களில் பாதிப்பேர் மழைத்தூறல் விழுந்ததும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், 250 கொடுத்தவர் குடையோடு வருவார்.

சதவீதம் பேசினாலும் குறைந்தபட்சத் தொகை ஒன்றை முன்கூட்டியே சொல்லி, பத்துப் பேர் வந்தாலும் அதைக் கொடுத்துவிடுங்கள். டெல்டாவில் எல்லா வித்வானும் இன்னொரு வித்வானுக்கு உறவோ சிஷ்யரோதான், ஒருவருக்குக் குறைத்துக் கொடுத்தது மறுநாள் மன்னார்குடிவரை தெரிந்துவிடும்.

11. நிகழ்ச்சி நாள்

நாலு மணிக்கு ஒலி சரிபார்ப்பு. ஐந்தரைக்குக் கவுண்டர் திறப்பு. ஆறரைக்குத் தொடக்கம், பத்துப் பேர் இருந்தாலும் ஆறரைதான். ஒரு மாதம் விடாமல் இப்படிச் செய்தால் ஊரே நேரத்துக்கு வர ஆரம்பிக்கும். ஏழரைக்குக் கால் மணி இடைவேளை. இந்தக் கால் மணியில்தான் கவுண்டர் வியாபாரத்தில் பாதி நடக்கும், காபி டிகாக்‌ஷனை ஏழு மணிக்கே இறக்கித் தயாராக வையுங்கள். எட்டே முக்காலுக்கு மங்களம்.

கதவருகே ஓர் ஆள். பாட்டு நடுவில் வருகிறவரைப் பாட்டு முடியும்வரை ரேழியில் நிறுத்திவைப்பது மட்டும்தான் அவர் வேலை. போனை அமைதியாக வைக்கச் சொல்லி அறிவிப்புப் பலகை எழுதுவதில் பலன் இல்லை, தொடங்கும் முன் பாடுகிறவரே ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள். வீடியோ எடுப்பதைக் கடைசி இரண்டு வரிசைக்கு மட்டும் விடுங்கள், கலைஞர் சம்மதித்தால்.

முடிந்தவுடன் கணக்கைக் கலைஞரிடம் காட்டுங்கள்: இத்தனை டிக்கெட், இவ்வளவு தொகை, உங்கள் பங்கு இது. தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுப்பது நம் பழக்கம், அதைக் கைவிட வேண்டாம். ஆனால் தொகையை மொத்தமாக முக்கியப் பாடகர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள். வயலினுக்கு ஒரு கவர், மிருதங்கத்துக்கு ஒரு கவர், கடத்துக்கு ஒரு கவர் என்று பேர் எழுதித் தனித்தனியாக, எவ்வளவு என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே நால்வர் முன்னிலையிலும் பேசி முடித்து, அன்று ராத்திரியே கொடுத்துவிடுங்கள். வண்டிச் செலவு அதில் சேராது.